கூற்றும் எச்சமும்: கால்வெஸ்டன் பெரும்புயல் உரைகள் பற்றிய ஓர் ஆய்வு

வட அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலக் கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் மணல் தீவொன்றின்மேல் அமைந்த துறைமுக நகர் கால்வெஸ்டன். 1900-ஆம் ஆண்டில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. பருத்தி வாணிகத்தால் வளங்கொழித்த அந்நகரின் மிக உயர்ந்த நிலமும் கடல்மட்டத்தினின்று 9 அடி உயரத்தை எட்டவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், சனிக்கிழமை, மெக்சிகோ வளைகுடா வழியே வந்த சூறாவளி கடலை 15 அடிக்குமேல் உயர்த்தி அந்நகரின்மீது செலுத்திற்று. 3,600-க்கு மேற்பட்ட வீடுகள் இருந்த இடம் தெரியாமற் போயின. மாண்டோர் தொகையை 6,000 எனக் குறைத்துரைப்பாரும் 12,000 என மிகுத்துரைப்பாரும் உளர்; 8,000 என்பதே பெருவழக்கு. அந்நாட்டு வரலாற்றில் இயற்கைச் சீற்றத்தால் மிகப் பல உயிர்கள் மாண்டது அன்றேயாம்.

புயலின் வரலாற்றை உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனைப் பற்றி எழுந்த உரைகளை ஆராய்வதே எம் கருத்து. அவ்வுரைகளுள் தலைமையானவை ஐசக் கிளைன் என்பார் எழுதியவை. அவர் 1889 முதல் கால்வெஸ்டன் வானிலை நிலையத்தின் தலைவராய் இருந்தவர். புயலுக்கு ஒன்பதாண்டு முன்னர், 1891-இல், ஒரு கட்டுரை எழுதினார். புயல் ஓய்ந்த அத்திங்களிலேயே அலுவல்முறை அறிக்கை ஒன்று எழுதினார். நாற்பத்தைந்தாண்டு கழித்து, 1945-இல், தம் வரலாற்றை நூலாக்கினார். ஒரே பொருள்பற்றி ஒருவரே மூன்று காலங்களில் நிகழ்த்திய இக்கூற்றுகள் தம்முள் ஒத்து நில்லாமையே எம்மை இவ்வாய்வில் ஈடுபடுத்திற்று.

செய்யுளியலில் தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளாக எண்ணியவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அடங்கும். செய்யுட்கு உரிய உறுப்புகளைக் கொண்டு ஆங்கில உரைநடை அறிக்கையொன்றை அளத்தல் தகுமோ எனின், தகும் என்பேம். யார், யாருக்கு, எவ்விடத்து நின்று, எக்காலத்துக் கூறினார் என்னும் வினா சொல்லால் இயன்ற எதற்கும் பொதுவாவதாம். வழக்குமன்றத்துச் சான்றுரைக்கு இவ்வினாக்களை எழுப்பத் தயங்காத நாம் வரலாற்றுச் சான்றுரைக்கு எழுப்பத் தயங்குவது வியப்பே.

முதற்கண் 1891-ஆம் ஆண்டுக் கட்டுரையை நோக்குவோம். நகரின் நாளிதழில் வெளிவந்த அக்கட்டுரை, பெரும்புயல் எதுவும் கால்வெஸ்டனுக்குக் கேடு செய்யும் என அஞ்சுவது அறிவுக்குப் பொருந்தாத மயக்கம் என்று அறைந்தது. மேற்கிந்தியப் புயல்கள் வடகிழக்கே வளைந்து செல்லும் இயல்பின என்றும், டெக்சாஸ் கரை அவற்றின் வழிக்குப் புறம்பானது என்றும், கரையோரக் கடலின் ஆழமற்ற சரிவு அலையின் வலியைக் குன்றச் செய்யும் என்றும் அது காரணம் காட்டிற்று. ஆழமற்று அகன்ற சரிவே புயல்நீரை மேன்மேலும் உயர்த்தும் என்பது இன்றைய கடலியல் கண்ட உண்மை. இதனை அன்று அறியாமை குற்றமன்று. ஆயின் அதே கரையில் இண்டியனோலா என்னும் துறைமுகம் 1875-இல் ஒருமுறையும் 1886-இல் மறுமுறையும் புயலால் அழிந்து பாழானதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அவ்வாறு எழுதியது குற்றமே. 1886-க்குப் பின் கால்வெஸ்டனில் கடல்மதில் எழுப்பும் எண்ணம் தோன்றிச் செயலுறாது கிடந்தது. அக்கட்டுரை ஒன்றே அதற்குக் காரணம் எனல் மிகையாம். ஆயினும் மதில் வேண்டா என்றிருந்தார்க்கு அது துணைநின்றது என்பதில் ஐயமில்லை.

1900-ஆம் ஆண்டு அறிக்கையே இவ்வுரைகளுள் எம்மால் பெரிதும் மதிக்கப்படுவது. அரசின் வானிலைத் திங்களிதழில் அது வெளிவந்தது. கேட்போர், வாசிங்டனில் இருந்த வானிலைப் பணியகத் தலைவர் வில்லிஸ் மூர். அவர்வழி நாட்டு மக்கள். கூறும் களனோ, கூறுவார் தம் மனைவியை இழந்த நகர். அவ்வறிக்கையில் எண்களே மிகுதி. காலையில் வடக்கினின்று காற்று வீசிக் கடலை எதிர்த்துத் தள்ளவும் நீர் தாழ்நிலங்களில் ஏறியது. அத்தகைய எதிர்காற்றில் நீர் அவ்வளவு உயர்ந்தது முன்பு கண்டறியாதது எனக் கிளைன் வாசிங்டனுக்குத் தந்தி விடுத்தார். மாலை 6.15 மணிக்குக் காற்றுமானி பறந்து போயிற்று. அதற்குமுன் அது மணிக்கு நூறு மைல் விரைவினைக் காட்டியிருந்தது.

அதன் பின்னர் அறிக்கை செல்லும் முறையைக் கருத்தூன்றிக் காணல் வேண்டும். இரவு ஏழரை மணியளவில் கிளைன் தம் இல்லத்து முன்வாயிலில், கதவு சிறிதே திறந்திருக்க, நீரைப் பார்த்து நிற்கின்றார். இல்லத்தினுள் நீர் எட்டங்குல ஆழம். நான்கு நொடியில் நான்கடி உயர்கின்றது; நின்ற நிலை மாறுமுன் இடுப்புக்கு மேலே வந்துவிடுகின்றது. காற்றுமானி வீழ்ந்த பின்னர் அளவுகோலாய் நின்றது அவர்தம் உடலே. அடுத்து, தம் இல்லம் நின்ற நிலத்தின் உயரம் 5.2 அடி என்றும், அதன்மேல் நீர் 10 அடி நின்றது என்றும், ஆகவே கடல் 15.2 அடி எழுந்தது என்றும் கணக்கிடுகின்றார். பின்னும் ஏறத்தாழ 5 அடி உயர்ந்து 20 அடியளவினதாயிற்று என்கின்றார். இவ்வளவுகள் கவனத்துடன் எடுக்கப்பட்டவை, பிழை சிறிதே இருத்தல் கூடும் என்றும் உறுதி கூறுகின்றார். அவ்வில்லம் மிதந்து வந்த சிதைவுகளின் மோதலால் எட்டரை மணிக்கு வீழ்ந்தது; அடைக்கலம் புகுந்த ஏறத்தாழ ஐம்பதின்மருள் பதினெண்மர் ஒழிய ஏனையோர் மாண்டனர். மாண்டவருள் ஒருவர் அவர் மனைவி. தாம் நினைவிழந்து, பின் தெளிந்து, இளைய மகளைப் பற்றிக்கொண்டிருக்கக் கண்டதும், உடன்பிறந்த ஜோசப் கிளைன் மற்றைய இரு பெண்களுடன் வந்து சேர்ந்ததும், மூன்று மணிநேரம் மிதந்து புறப்பட்ட இடத்தினின்று 300 கெச தொலைவிலேயே கரை சேர்ந்ததும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. மனைவியின் பெயரும் அங்கு இல்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டாத மரபில் தோய்ந்த எமக்கு இவ்விடம் வேறொரு வகையாற் பட்டது. ஆயின் இது மரபொற்றுமை அன்று. அலுவலர் ஒருவரின் அடக்கமே.

இழவினாற் பிறக்கும் அழுகை என்னும் மெய்ப்பாடு இவ்வறிக்கையில் ஒரு சொல்லாலும் வெளிப்படுத்தப்படவில்லை. எனினும் 15.2 என்னும் எண்ணைப் படிப்பார்க்கு அது தோன்றாமற் போகாது. அவ்வளவு எடுக்கப்பட்ட இடமே அவர் மனைவி மூழ்கிய இடம் அன்றோ? எம் முதுகலை வகுப்பில் இப்பகுதியைப் படித்தபோது மாணவர் ஒருவர் இவ்வெண்ணை ஒப்பாரி என்றார். சொல் மிகை, கருத்து மிகையன்று.

இனி, எச்சம். சொல்லெச்சம், குறிப்பெச்சம் என இருவகையில் நிரப்பிக்கொள்ள வேண்டுவன இவ்வறிக்கையில் பல. எச்சரிக்கைகள் உரிய காலத்தில் எங்கும் பரப்பப்பட்டன என்றும், அதனால் கடலோரத்தார் ஆயிரக்கணக்கினர் நகர நடுவுக்குச் சென்று பிழைத்தனர் என்றும் அது கூறுகின்றது. 1891-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கியூபாவைப் பற்றியும் இல்லை. கியூபா அன்று அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. ஹவானா நகரின் பெலன் கல்லூரி வானாய்வகத்துத் துறவியர் புயல்நூலில் நெடுங்காலப் பயிற்சியுடையோர். அப்புயல் டெக்சாஸை நோக்கிச் செல்லும் எனக் கணித்தோர். புயல் தோன்றுவதற்குச் சின்னாள் முன்னரே கியூபாவினின்று வானிலைத் தந்திகள் அனுப்பப்படுதலை மூர் தடைசெய்வித்திருந்தார். பணியகமோ புயல் புளோரிடாவை நோக்கி வளையும் என்றே கருதியிருந்தது. தடையிட்டவரே அறிக்கையைக் கேட்போர் ஆதலின், அதனைப் பற்றிய பேச்சு அறிக்கையில் இல்லாமை இயல்பே. இவ்விடத்து இவர் இவர்க்கு இதனைக் கூறத் தகும், இதனைக் கூறத் தகாது என உணர்த்துவதன்றோ முன்னம்?

1945-ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் மெய்ப்பாடு மாறுகின்றது. அழுகை அடங்கி, கல்வியும் புகழும் நிலைக்களனாகப் பெருமிதம் தலையெடுக்கின்றது. புயலன்று காலை தாம் குதிரை வண்டியிற் கடற்கரை நெடுகச் சென்று மக்களை எச்சரித்ததாகவும், அதனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்ததாகவும் கிளைன் எழுதுகின்றார். 1900-இல் தொலைபேசி வழியாகவும் வாய்மொழியாகவும் மக்கள் எச்சரிக்கப்பட்டனர் எனச் செயப்பாட்டு வினையால் அமைந்த தொடர் ஈண்டுத் தன்மை ஒருமைச் செய்வினையாய் மாறிவிட்டது. முன்னைய தொடரில் எழுவாய் மறைந்து நின்றது. பின்னையதில் அதுவே எல்லாமாய் நிற்கின்றது. மறுவாண்டு, 1946-இல், ஜோசப் கிளைனும் தம் வரலாற்றை வெளியிட்டார். அந்த இரவில் இல்லத்தை விட்டு நகர நடுவுக்குப் போய்விடுதல் வேண்டும் எனத் தாம் வற்புறுத்தியதாக அவர் உரைக்கின்றார். அவ்வுரை உண்மையாயின், ஐசக் தம் அறிவின்மேற் கொண்ட நம்பிக்கை நகரைப் போலவே தம் இல்லத்தையும் அழித்தது என்பது பெறப்படும். ஆயின் ஜோசப்பும் நாற்பத்தாறாண்டு கழித்தே கூறுகின்றார். ஒருவர் நினைவின் பழுதைக் காட்ட அதே முதுமையுடைய மற்றொருவர் நினைவைத் துணைக்கொள்வது வலுவான வாதமாகாது.

இவ்விடத்திலேதான் எரிக் லார்சனின் நூல் எம் ஆய்வுக்கு உரியதாகின்றது. 1999-இல் வெளிவந்த அந்நூல் ஐசக்கைத் தலைமகனாக வைத்து எழுதப்பட்டது, பல்லாயிரவர் படித்தது. கடற்கரை எச்சரிக்கையை ஐயுறுவது, தப்பிப் பிழைத்தோர் விட்டுச்சென்ற பல குறிப்புகளில் அக்காட்சி இடம்பெறாமையைக் காட்டுவது, கியூபத் தடையை விரித்துரைப்பது ஆகிய மூன்றினாலும் லார்சன் வரலாற்றுக்குப் பெருந்தொண்டு ஆற்றினார். அவர் முடிவுகளுட் பெரும்பாலன எமக்கும் உடன்பாடே. குறை அவர் நடையில் உள்ளது. புயலுக்கு முந்தைய இரவில் ஐசக் உறங்காது கிடந்து எண்ணியவற்றை நூல் நமக்கு உரைக்கின்றது. அவ்வெண்ணங்களை எவரும் எழுதி வைத்திலர். உலகியல் வழக்காய்ச் செல்லும் உரையில் நாடக வழக்கு இவ்வாறு கலந்துவிட, எது சான்று, எது புனைவு எனப் படிப்போர் பிரித்தறிதல் அரிதாகின்றது. அவ்விரண்டும் கலந்தமைவது நம் அகப்பாட்டுக்கு அழகு. ஒருவர்மீது குற்றம் சாற்றும் நூலுக்கு அழகாகாது. செருக்குற்ற அறிஞன் வீழ்ச்சியுற்றான் என்னும் கதைப்போக்கு மூரின் குற்றத்தையும், மதில் எழுப்பாத நகரத்தாரின் குற்றத்தையும் ஒரு மாந்தன் தலையில் ஏற்றிவிடுகின்றது. லார்சனின் பின்குறிப்புகளைப் படித்தே இதனைக் கூறுகின்றோம். அவர் தம் ஊகங்களை அங்கு ஒளிக்கவில்லை. ஆயின் பின்குறிப்பைப் படிப்பார் எத்துணையர்?

கிளைனை முற்றிலும் விடுவிப்பதும் எம் கருத்தன்று. 1900-ஆம் ஆண்டு அறிக்கையை அது கண்டவற்றுக்குச் சான்றாகவும், அது விடுத்தவற்றுக்கு அதனையே ஐயத்திற்கு இடமாகவும் கொள்ளுதலே முறை எனத் துணிகின்றோம். இதனைக் கடைப்பிடிப்பின் ஐசக் ஒருவரின் பொறுப்பினும் பெரியதோர் எச்சம் கண்ணிற் படும்.

புயலுக்குப் பிந்தைய நாட்களில் பிணங்களை அகற்றும் பணிக்குக் கறுப்பின ஆடவர் பலர் துப்பாக்கி முனையில் பிடித்துக் கொணரப்பட்டனர். மதுவைக் கொடுத்து அவர்களைப் பணியில் நிறுத்தினர். ஏறத்தாழ 700 பிணங்கள் தெப்பமொன்றில் ஏற்றப்பட்டு வளைகுடாவில் எடைகட்டி இடப்பட்டன. அலைகள் அவற்றைக் கரைக்கே திருப்பிக் கொணர்ந்தன. பின்னர் ஆங்காங்கே தீ மூட்டி எரித்தனர்; அத்தீ வாரக்கணக்கில் எரிந்தது. அந்நாட்களில் வெளியூர் நாளிதழ்கள், பிணங்களின் விரல்களை வெட்டி மோதிரம் கவர்ந்த கறுப்பினத்தார் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர் எனச் செய்திகளைப் பெருக்கி எழுதின. அவ்வளவில் நிகழ்ந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை எனப் பின்வந்த ஆய்வாளர் நிறுவியுள்ளனர். ஐசக்கின் மனைவியுடைய உடல் அச்செப்டம்பர் இறுதியில் இடிபாடுகளினடியிற் கிடைத்தபோது இன்னார் என்று அறிவித்தது அவர் விரலில் இருந்த மோதிரமே. நூல்கள் இம்மோதிரத்தை உருக்கத்துடன் பேசுகின்றன. மோதிரத் திருட்டு என்னும் பழியைச் சுமந்துகொண்டு அப்பிணங்களைத் தெப்பத்தில் ஏற்றியவர் கூற்றோ இவற்றுள் யாண்டும் இல்லை.

மீட்சியின் வரலாறும் இவ்வாறே ஒருபால் கோடியது. 1902 முதல் 1904 வரை மூன்று மைல்களுக்கு மேல் நீண்ட, 17 அடி உயரக் கடல்மதில் எழுந்தது. கடலடி மணலை வாரிக் கொணர்ந்து நகரின் நிலத்தையே உயர்த்தினர். ஈராயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களைத் திருகாணித் தூக்கிகளால் உயர்த்தி அவற்றின் அடியில் மணலை நிரப்பினர். 1915-இல் மீண்டும் பெரும்புயல் வந்தபோது மதில் நகரைக் காத்தது. இவற்றைப் புகழாத நூல் இல்லை, புகழத்தக்கனவே. 1901-இல் ஆணையர் ஆட்சி அமைந்ததும், 1880-களில் நகரவையில் இடம்பெற்றிருந்த கறுப்பினத்தார் குரல் அங்கு அடங்கியதும் அதே மீட்சியின் பகுதிகள். இவற்றைச் சில நூல்கள் அடிக்குறிப்பாகவேனும் சுட்டுவதில்லை.

ஜான் எட்வர்டு வீம்ஸ் 1957-இல் வெளியிட்ட நூல், அன்று உயிரோடிருந்த முதியோர் பலரின் வாய்மொழியைத் திரட்டிக் காத்தது. கிளைன் உடன்பிறந்தார் இருவரும் அதற்கு ஈராண்டு முன்னர், 1955-இல், மறைந்துவிட்டனர். கால்வெஸ்டனில் உள்ள ரோசன்பர்க் நூலகத்தில் புயலிற் பிழைத்தோர் எழுதிய கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் பேணப்படுகின்றன. இப்பொருளில் மேலாய்வு செய்யப் புகுவார் ஐசக்கை விடுத்து அக்கடிதங்களினின்று தொடங்குவாராயின், கூறினார் யார், கேட்டார் யார் என்பதோடு, தெப்பத்தில் நின்றவர் யார் என்னும் வினாவுக்கும் விடைதேட இடம் உண்டு.