இருபது வாரத்தை யார் தருவார்கள்? சட்ட மாணவர் இன்டர்ன்ஷிப் விதியை வாசித்தல்

சட்டங்களையும் விதிகளையும் கதை கவிதையை வாசிப்பதுபோல வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எழுவாய் யார், வினை என்ன, எங்கே "வேண்டும்" வருகிறது, எங்கே "விரும்பினால்" வருகிறது என்று பார்ப்பேன். ஒரு விதி யாரை நம்புகிறது, யாரைக் கண்டு தயங்குகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இந்த முறை எடுத்துக்கொண்டது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகளில் 25, 26, 27. மூன்றும் மாணவர் இன்டர்ன்ஷிப் பற்றியவை.

உறையூரில் எங்கள் தெருவைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் சட்டம் படிக்கிறார்கள். லீவு நெருங்கினால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "சார், உங்களுக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருக்காங்களா?" நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த வக்கீல்களும் கம்மி. ஆனாலும் கேட்கிறார்கள். ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பதற்கு விதியிலேயே பதில் இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு.

25-ஆவது விதி சொல்வது இது. மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 12 வாரமும், ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எங்கே செய்யலாம் என்பதற்கு நீளமான பட்டியல் உண்டு: தொண்டு நிறுவனம், வக்கீல், நீதித்துறை, சட்டமன்றம், நாடாளுமன்றம், சட்ட நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி என்று போகிறது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்திருக்க வேண்டும். டைரி எழுத வேண்டும். வழிகாட்டியும் ஆசிரியரும் அதை மதிப்பிடுவார்கள்.

கவனித்துப் பாருங்கள். "வேண்டும்" என்று வருகிற இடத்திலெல்லாம் அதைச் சுமப்பது மாணவர்தான். முடிக்க வேண்டியவர் அவர், எழுத வேண்டியவரும் அவர். வக்கீலோ நிறுவனமோ "சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வாக்கியம் இல்லை. வழிகாட்டி மார்க் போடுவதற்கு மட்டும் வருகிறார். பெறுவதைக் கட்டாயமாக்கி, தருவதை அவரவர் மனசுக்கு விட்டுவிட்ட விதி இது.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது 26. வாசிக்க எனக்குப் பிடித்த விதியும் அதுதான். குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள, விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள விருப்பமுள்ள மூத்த வக்கீல்களின் பட்டியலை மாநில பார் கவுன்சில் மாவட்டவாரியாகத் தயாரிக்க வேண்டும்; அதை இந்திய பார் கவுன்சில் வெளியிட வேண்டும். எவ்வளவு நல்ல யோசனை! உறையூர்ப் பெண் தன் மாவட்டத்துப் பக்கத்தைத் திறந்து, வரிசையாகப் பத்துப் பேருக்கு எழுதலாம். "தெரிஞ்ச வக்கீல்" தேவையில்லை. ஆனால் நான் பேசிய பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு விதி இருப்பது தெரியவில்லை. மூன்று விதிகளில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது 27. அது உடை பற்றியது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்பு கோட். திருச்சி வெயிலில், அதுவும் அக்கினி நட்சத்திரத்தில், அதைப் போட்டுக்கொண்டு கன்டோன்மென்ட் கோர்ட் வளாகத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். எதை எழுதினால் உடனே நடக்கும் என்று பார் கவுன்சிலுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த விதி எல்லோர் மேலும் ஒரே எடையில் விழுவதில்லை. திருச்சியிலேயே இரண்டு சட்டக் கல்வி நிலையங்கள் இருக்கின்றன. 1979-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி ஒன்று. திண்டுக்கல் சாலையில் நாவலூர்க் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இன்னொன்று. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் ஏற்பாடு செய்ய மாணவர் குழுவே இருக்கும். மும்பை, டெல்லி, பெங்களூரு நிறுவனங்களுக்கு எத்தனை மாதம் முன்னால் எழுத வேண்டும், சி.வி. எத்தனை பக்கம் என்பதெல்லாம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கும். அரசுக் கல்லூரியில் படிக்கிற, வீட்டில் முதல் பட்டதாரியான பிள்ளைக்கு இந்தக் கைமாற்று கிடைப்பதில்லை. 20 வாரம் மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

மேல்முறையீட்டு வக்கீல் என்ற நிபந்தனையைப் பாருங்கள். திருச்சி மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளை. இங்கிருந்து சுமார் 135 கிலோமீட்டர். தினமும் போய் வருவது நடக்கிற காரியம் இல்லை. நான்கு வாரம் மதுரையில் தங்கினால் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். மாவட்ட நீதிமன்றத்திலேயே மேல்முறையீடுகள் நடக்கின்றன, அது போதும் என்று சமாளிக்கிறவர்களும் உண்டு. சமாளிப்புதான். ஆனால் விதியின் எழுத்துக்கு விரோதமில்லை.

விண்ணப்ப மெயிலையும் ஒரு இலக்கிய வகையாகவே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தன்னுடையதைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆங்கிலத்தில் மூன்று பத்தி. தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில், தங்கள் மேலான வழிகாட்டுதலில், மிகுந்த ஆர்வத்துடன் என்று போனது. அவள் யார் என்று ஒரு வரியும் இல்லை. அவளுடைய அப்பா கைத்தறி நெய்தவர். கூலிப் பாக்கிக்காக அவர் அலைந்ததைப் பார்த்துத்தான் அவள் சட்டம் படிக்க வந்தாள். இதை எழுதும்மா என்றேன். "அதெல்லாம் எழுதினா பரிதாபத்துக்காக எழுதின மாதிரி ஆயிடும் சார்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வகையில் சொந்தக் கதைக்கு இடம் கிடையாது. பெரிய நிறுவனங்கள் பார்ப்பது மதிப்பெண், மூட் கோர்ட், வெளியான கட்டுரை, முன்பு செய்த இன்டர்ன்ஷிப். இதில் கடைசியானது விசித்திரமானது. முதல் இடம் கிடைத்தால்தான் இரண்டாவது கிடைக்கும். முதல் இடம் யார் கொடுத்தது என்று தேடிப் போனால், பெரும்பாலும் ஒரு மாமாவிடமோ சித்தப்பாவிடமோ போய் நிற்கும்.

திருச்சி மாதிரி ஊர்களில் "ஃபர்ம்" என்பதே அபூர்வம். "ஆபீஸ்" என்றுதான் சொல்வோம். ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, சுவர் முழுக்க கேஸ் கட்டு. இங்கே விண்ணப்பம் என்ற சடங்கே கிடையாது. சாயங்காலம் யாராவது கூட்டிக்கொண்டு போய் "நம்ம பையன் சார்" என்று நிறுத்த வேண்டும். அந்த "நம்ம" என்ற சொல்லில் சாதி, ஊர், உறவு, கட்சி எது வேண்டுமானாலும் இருக்கலாம். உறையூர் வெக்காளியம்மன் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுகிறார்கள். அங்கே எழுதுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த ஆள் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே விலாசம்.

சீனியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நான்கு வாரத்தில் ஒரு சிவில் வழக்கில் ஒரு வாய்தாவைத்தான் பார்க்க முடியும். அன்றைக்கு நீதிபதி லீவு என்றால் அதுவும் இல்லை. கட்சிக்காரர் ரகசியம் இருக்கிற கட்டை இன்றைக்கு வந்து அடுத்த மாதம் போகிற பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது? சொல்லிக்கொடுக்க நேரம் போகும், திரும்ப வேலை வாங்க முடியாது. ஆக, உட்காரவைத்துவிட்டுச் சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்புவது இரண்டு பேருக்கும் சுலபமாகிவிடுகிறது. டைரி ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் எழுதியதாக இருக்கும். இதை மாணவரின் ஒழுக்கக் குறைவு என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. தொடர்ச்சியாக நான்கு வாரம்தான் என்று வெட்டி வைத்தால் விளைவது இதுதான்.

இந்த அமைப்பு இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. வக்கீலாகப் பதிவதற்கு முன் பயிற்சி வேண்டும் என்று வழக்கறிஞர் சட்டத்தில் இருந்த பிரிவை 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. 1995-இல் பார் கவுன்சில் விதி போட்டு ஓராண்டுப் பயிற்சியை மறுபடி கொண்டுவரப் பார்த்தது. அப்படிக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று 1999-இல் வி. சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பட்டத்துக்கு அப்புறம் நிற்க முடியாமல் போன பயிற்சி இன்று பட்டத்துக்கு உள்ளே இன்டர்ன்ஷிப்பாக உட்கார்ந்திருக்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். வெளியே ஓராண்டு முழுசாக ஒரே இடத்தில் இருந்திருக்கும். உள்ளே வந்தபோது நான்கு நான்கு வாரமாகத் துண்டாகிவிட்டது.

பக்கத்துத் தொழிலில் வேறு இலக்கணம் இருக்கிறது. ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் செய்கிற பிள்ளைக்கு ஆடிட்டர் மாதாமாதம் குறைந்தபட்ச உதவித்தொகை தந்தாக வேண்டும். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து அது மாறும். தொகை சொற்பம்தான், ஆனால் "தர வேண்டும்" என்பதன் எழுவாய் ஆடிட்டர். இங்கிலாந்தில் 2021-இல் வந்த புதிய முறையில், சொலிசிட்டர் ஆக விரும்புகிறவர் இரண்டாண்டு வேலை அனுபவத்தை அதிகபட்சம் நான்கு இடங்களில் சேர்க்கலாம். சட்ட உதவி மையமும் கணக்கில் வரும். ஒரு நிறுவனம் பயிற்சி ஒப்பந்தம் தரவில்லை என்பதாலேயே ஒருவர் கதவுக்கு வெளியே நின்றுவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

நம்மூரில் 2024-இல் பணம் பற்றிய பேச்சு வந்தது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களுக்குக் குறைந்தது சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தரச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி மாநில பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. திருச்சி "மற்ற ஊர்". அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் தன் பங்குக்கு நகரத்தில் 20,000, கிராமத்தில் 15,000 என்று அறிவித்தது. அங்கேயும் வினைச்சொல்லைப் பாருங்கள்: பரிந்துரை. எண் அதே மாதிரி இருக்கிறது, "வேண்டும்" மட்டும் உதிர்ந்துவிட்டது. இரண்டுமே பதிவு செய்த ஜூனியர்களைப் பற்றியவை. மதுரைக்குப் போகிற மாணவருக்குப் பஸ் காசு என்று எதிலும் ஒரு வரி இல்லை.

இப்போது இது இன்னும் முக்கியமாகிவிட்டது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்பதை மறுபடி கொண்டுவந்தது. அனுபவத்துக்குச் சான்று தரலாம் என்று அது சொல்கிறவர்களில் ஒருவர், பத்தாண்டு நின்ற வக்கீல். 26-ஆவது விதியின் பட்டியலில் இருக்க வேண்டிய அதே பத்தாண்டுக்காரர். கல்லூரியில் கிடைக்காத ஆள், பட்டம் வாங்கியபின் மூன்று வருஷத்துக்கும் தேவைப்படுகிறார்.

அதனால் நான் புது விதி எதுவும் கேட்கவில்லை. 26 போதும். திருச்சி மாவட்டத்துக்கு ஒரே ஒரு தாள். பெயர், சிவிலா கிரிமினலா, எந்த மாதம், எத்தனை பேர், பஸ் காசு உண்டா இல்லையா. கோர்ட் வளாகத்து நோட்டீஸ் போர்டிலும் அரசு சட்டக் கல்லூரி வாசலிலும் ஒட்டினால், முதல் வருஷம் அதில் நாலே பெயர்தான் இருந்தாலும் பரவாயில்லை.