மலையில் எஞ்சின் ஆயில்: கிலோமீட்டரா, மணிக்கணக்கா?

மாருதி வேகன்ஆர் காரின் சர்வீஸ் அட்டவணையில் எஞ்சின் ஆயில் மாற்ற 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று போட்டிருக்கிறது. கோவைக்கும் சேலத்துக்கும் வாரம் தவறாமல் போய்வருகிறவருக்கு இந்தக் கணக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. குன்னூரில் பெட்போர்டுக்கும் வெலிங்டனுக்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும் காருக்கும் இதே கணக்குதானா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் ஓபிடி ரீடர் ஒன்றை வாங்கி, ஒரு பனிக்காலமும் அடுத்து வந்த கோடை சீசனும் முழுக்க என் வேகன்ஆரில் வைத்துப் பார்த்தேன். மலையில் ஆயிலின் வயதைச் சொல்வது கிலோமீட்டர் அல்ல. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தடவை சூடேறாமலே நின்றது என்பவைதான்.

கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் வடிவமைத்த ஈஎல்எம் 327 சிப்தான் இதற்கு அடிப்படை. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அதன் நகல்கள். '2.1' என்று அச்சிட்ட மலிவு நகல்கள் பலவற்றில் பாதிக் கட்டளைகள் இருக்காது, சில கார்களோடு இணையவே இணையாது. திருப்பித் தர வழியிருக்கும் இடத்தில் வாங்குவது நல்லது. காரின் 16 முள் சாக்கெட்டில் செருகி, புளூடூத் வழியாகப் போனோடு இணைத்து, டார்க் அல்லது கார் ஸ்கேனர் செயலியைத் திறந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் பார்ப்பதையெல்லாம் நாமும் பார்க்கலாம். ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது புளூடூத் எல்இ உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது காற்றழுத்தம். மேட்டுப்பாளையத்தில் 98 கிலோபாஸ்கலை ஒட்டி இருந்த எண், குன்னூரில் 82-க்கு வந்து, ஊட்டியில் 78-ல் நின்றது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு இதன் பொருள், ஒவ்வொரு உறிஞ்சலிலும் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவு. காற்று குறைந்தால் இழுவை குறையும். கீழே மூன்றாவது கியரில் ஏறக்கூடிய மேட்டை இங்கே இரண்டாவதில் ஏறுகிறோம். அதே ஒரு கிலோமீட்டருக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்றுகிறது, ஆயிலும் கூடுதலாக அரைபடுகிறது.

காட் ரோடு ஏற்றம்தான் ஆயிலுக்கு எமன் என்று ஊரில் பலரும் சொல்வார்கள். செயலியின் பதிவு வேறு மாதிரி இருந்தது. கல்லாறிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வரும்போது கூலன்ட் 90 டிகிரியைத் தாண்டிப் போய், ஃபேன் சுற்றி, அங்கேயே நிலையாக நிற்கிறது. அந்தச் சூட்டில் ஆயிலில் சேர்ந்திருக்கும் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும். இந்தக் காலத்து சிந்தடிக் ஆயிலுக்கு அந்த வெப்பம் ஒரு பொருட்டே இல்லை.

கெடுதல் நடப்பது காலையில் பால் வாங்கப் போகும் பயணத்தில். ஜனவரியில், புல்லில் உறைபனி கிடக்கும் நேரத்தில் ஸ்டார்ட் செய்து பஜாருக்கு இறங்கினால், பாதி தூரம் ஆக்சிலரேட்டரில் கால் வைப்பதே இல்லை. இறக்கத்தில் கியரிலேயே விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும். எரிவதற்கு எதுவும் இல்லாததால் சூடும் ஏறாது. கடை வாசலில் நிறுத்தும்போது கூலன்ட் 60-ஐத் தாண்டியிருக்காது. திரும்பி மேடேறுகையில் 80-ஐத் தொடும், அதற்குள் வீடு வந்துவிடும். இது கூலன்டின் கதை. ஆயில் சூடாக அதைவிட வெகுநேரம் பிடிக்கும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயில் இருக்கும் சம்ப்புக்குள் இறங்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோலிலும் ஒரு பகுதி எரியாமல் அதோடு சேரும். சூடான எஞ்சின் இரண்டையும் விரட்டிவிடும். சூடேறாத எஞ்சினில் இரண்டும் தங்கி, அமிலமாகி, ஆயிலில் கலந்திருக்கும் பாதுகாப்பு ரசாயனங்களைத் தின்று தீர்க்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பனிக்காலத்தில் சில வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டிய பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றினேன். உள்பக்கம் வெளிர் மஞ்சளாகப் பாலாடைபோல் ஒரு படலம். விரலால் தொட்டால் வழுக்கியது, ஆயில் வாசனையோடு லேசாகப் பெட்ரோல் வாசனையும் வந்தது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று பதற வேண்டாம்; கூலன்ட் டப்பாவில் அளவு குறையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறையவில்லை என்றால் அநேகமாக இது குட்டிப் பயணங்கள் சேர்த்த ஈரம்தான். கோவை வரை ஒருமுறை போய்வந்ததும் என் காரில் படலம் காணாமல் போனது.

இனி மணிக்கணக்கு. செயலி தூரத்தையும் ஓடிய நேரத்தையும் சேர்த்து வைக்கிறது. குன்னூருக்குள் என் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ.கூட வரவில்லை. கோவைப் பயணங்களையும் சேர்த்தால் 24. சமவெளி நெடுஞ்சாலையில் சராசரி 50 என்று வைத்தால், 10,000 கி.மீ. ஓட எஞ்சினுக்கு 200 மணி நேரம் போதும். எனக்கு அதே தூரத்துக்கு 400 மணிக்கு மேல். ஊரைவிட்டு இறங்காத காருக்கு 500-க்கும் மேல். ஏப்ரல், மே மாதங்களில் இது இன்னும் மோசம். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மலர்க் கண்காட்சி நாட்களில் ஊட்டிச் சாலையில் வண்டிகள் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கின்றன. எஞ்சின் ஓடுகிறது, ஓடோமீட்டர் நகர்வதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல. குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஜென்செட் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன். “நாங்க மணி மீட்டரைத்தான் பாப்போம் தம்பி. 250 ஆச்சுன்னா ஆயிலை எறக்கிருவோம். ஓடலைன்னாலும் ஆறு மாசத்துல எறக்கிருவோம்” என்றார். டிராக்டருக்கும் மணிக்கணக்குதான். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் வைத்த ஆயில் லைஃப் கணக்கும் ஆயிலைத் தொட்டுப் பார்ப்பதில்லை. எஞ்சின் சுற்றிய சுற்றுகளையும் வெப்பநிலையையும் வைத்தே மிச்ச ஆயுளைச் சொல்கிறது. நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. ஆனால் பல கம்பெனிகளின் கையேட்டில், யாரும் புரட்டாத பின்பக்கங்களில், 'கடின உபயோகம்' என்று தனி அட்டவணை இருக்கிறது. குட்டிப் பயணம், தூசி, ஓயாத மலையேற்றம் எல்லாம் அதில் அடங்கும். எஸ்டேட் மண் ரோட்டில் பசுந்தேயிலை ஏற்றி வரும் பிக்கப்புக்கு மூன்றுமே பொருந்தும்.

என் முடிவு இது: ஊருக்குள் மட்டும் ஓடும் பெட்ரோல் காருக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம். வாரம் ஒருமுறையாவது கோவை போய்வருகிறவர்கள் 7,500 வரை போகலாம். பழைய அம்பாசடர் நாட்களின் பழக்கத்தில் 3,000-க்கு ஒருமுறை மாற்றுகிறவர்களும் இங்கே உண்டு. அதற்கு அவசியமில்லை, நல்ல ஆயிலை வீணாக்குவதுதான் மிச்சம். ஒவ்வொரு முறையும் மூன்று லிட்டர் சுமாருக்குக் கழிவு சேர்கிறது. சட்டப்படி அது அபாயகரக் கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். ஓடையோரத்தில் ஊற்றினால் குன்னூர் ஆறு வழியாகப் பவானிக்குப் போய், கீழே மேட்டுப்பாளையத்தார் குடிக்கும் தண்ணீரில் சேரும். ஒர்க்‌ஷாப்பில் அதை டிரம்மில் பிடித்து வைக்கிறார்களா என்று கேட்டுவிட்டே வண்டியை விடுங்கள்.

கிரேடு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். “மலைக்குக் கெட்டி ஆயில்தான் சரி” என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்ற வருவார்கள். வேண்டாம். வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் நகர்த்தும் எஞ்சின்களில் வழிகள் குறுகலானவை. குளிர்ந்த காலையில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேர நேரமாகும். கையேட்டில் உள்ள 0டபிள்யூ, 5டபிள்யூ கிரேடையே ஊற்றுங்கள்.

மாற்றும் தேதியைவிட நான் அதிகம் கவனிப்பது ஆயில் குச்சியை. கல்லட்டி காட் ரோட்டின் 36 வளைவுகளில் முதல், இரண்டாம் கியரில் எஞ்சின் பிரேக்கிங்கோடு இறங்கும்போது, உள்ளே உண்டாகும் வெற்றிடம் தேய்ந்த சீல்கள் வழியே ஆயிலை உறிஞ்சும். இறங்கி முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நீலப் புகை வந்தால் அதுதான். அளவு பார்க்கச் சமதரை வேண்டும்; சரிவில் நிறுத்திப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். என் வீட்டு வாசலே சரிவு, அதனால் பெட்ரோல் பங்கில்தான் பார்க்கிறேன். பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்கள் அளவு கூடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். புகைக்கரி வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல், குட்டிப் பயணங்களில் வேலை பாதியில் நின்றுபோய், சம்ப்பில் சேர்ந்துவிடும். மேல்கோட்டைத் தாண்டினால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

கருவிக்கு வருவோம். ஆயிலின் வெப்பநிலையை என் கார் வெளியே தருவதில்லை, பல சின்னக் கார்களும் தருவதில்லை. கூலன்டை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஆயில் நல்லதா கெட்டதா என்றும் இது சொல்லாது. வண்டி அணைந்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் என்பதால் ராத்திரி கழற்றி வைக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் பலவீனமான பேட்டரிக்கு அந்தச் சிறு இழுப்பே போதும், காலையில் வண்டி கிளம்பாது. இத்தனைக்கும் பிறகும், நீலகிரியில் கார் வைத்திருப்பவர்கள் வாங்கலாம் என்றே சொல்வேன். நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியதுகூட இல்லை. ஒரு மாதம் செருகி உங்கள் சராசரி வேகத்தைக் குறித்துக்கொண்டு, 250 மணியை அதனால் பெருக்குங்கள். வரும் கிலோமீட்டரை அடுத்த சர்வீஸ் ஸ்டிக்கரில் எழுதச் சொல்லிவிட்டு, கருவியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாம்.