கூடலூர் கிழார் கண்ட வானம்

சங்கப் பாடல்களுள் வானநூல் அறிவு செறிந்தது எது என்று வினவினால், புலவர் பெருமக்கள் பலரும் புறநானூற்றின் 229ஆம் பாட்டைச் சுட்டுவர். அது கூடலூர் கிழார் பாடியது. சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் மறைவைப் பொருளாகக் கொண்டது. நாளும் கோளும் நோக்கும் வழக்கம் தமிழரிடம் எத்துணைப் பழமையானது என்பதற்குச் சான்றாக அது நெடுங்காலமாக எடுத்தாளப்பட்டு வருகிறது. அதில் தவறில்லை. ஆயினும் ஒரு பாட்டைச் சான்றாக்கி விட்டால், பின்னர் அதனைப் பாட்டாகப் படிப்பார் அரியர். அவ்வாறு படிப்பதற்கு நூலகத்தைக் காட்டிலும் வீட்டு வாசலே ஏற்ற இடம் என்பது நம் கருத்து.

பாட்டின் பொருளை முதலில் காண்போம். பங்குனியின் முற்பாதி, செறிந்த இருளையுடைய நள்ளிரவு. உத்தரம் உச்சியை விட்டுச் சாய்கிறது. அதற்கு எதிரே மூலம் எழுகிறது. மிருகசீரிடம் மேற்கே தாழ்கிறது. அவ்வேளையில் ஒரு மீன், கிழக்கும் போகாமல் வடக்கும் போகாமல், உலகுக்கு விளக்குப் பிடித்தாற்போல் ஒளி சிதறி வீழ்கிறது. புலவரும் உடனிருந்த இரவலரும் அதனைக் காண்கின்றனர். நம் அரசன் நலமாக இருந்தால் போதுமே என்று கலங்குகின்றனர். அவ்வளவுதான், உடனே ஏழாம் நாள் வந்துவிடுகிறது. யானை துதிக்கையைத் தரையில் கிடத்திப் படுத்திருக்கிறது. முரசின் தோல் கிழிந்துவிட்டது. குடையின் காம்பு முறிந்துவிட்டது. குதிரைகள் ஓட்டம் மறந்து நிற்கின்றன. அரசன் இல்லை.

இனி வாசலுக்கு வருவோம். தங்கவயலில் பிறந்தவர்களுக்கு லைன் வீட்டைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. பெங்களூரிலும் அதற்கு அப்பாலும் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்காகச் சில சொற்கள். ஓர் அறை, ஓர் அடுக்களை, தாழ்ந்த கூரையின் கீழே ஒரு சிறு திண்ணை. திண்ணையில் அமர்ந்தால் எதிரே சயனைடு மேடு. பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய சாம்பல்நிறத் துகளைப் பல்லாண்டுகளாகக் கொட்டியதால் எழுந்த குன்றுகள் அவை. அவற்றில் புல்லும் அரிதாகவே முளைக்கும். கோடைக் காற்றில் அத்துகள் கண்ணிலும் விழும், சோற்றிலும் விழும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் இலக்கணம் காட்டினார். அதற்கு நம் ஊரினும் தக்க எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. பாலைக்கு உரிய பிரிவும் இங்கே உண்டு. விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் இரயில்களை அறிந்தவர்கள் அதனை அறிவார்கள்.

1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்த ஊர் இது. நாட்டின் பெரும்பகுதி அகல் விளக்கில் இருந்தபோது இங்கே மின்விளக்கு எரிந்தது. ஷாப்ட்டுகளின் உச்சியிலும் ஆலைகளிலும் இரவெல்லாம் அவ்விளக்குகள் ஒளிர்ந்த காலத்தில், வானத்தின் பாதி மங்கிக் கிடந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, சங்கு நின்றது, விளக்குகள் அணைந்தன. எங்கள் வாசலுக்கு மேலே இத்தனை மீன்கள் இருப்பதை அதன் பின்னரே கண்டோம். “பிழைப்புப் போச்சு, வானம் வந்துச்சு” என்பார் எம் தந்தையார். அதில் மகிழ்ச்சி இருந்ததாக நமக்குத் தோன்றியதில்லை.

இதனோடு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இவ்வூர் வானத்தை ஆழத்திலிருந்தும் ஆராய்ந்திருக்கிறது. விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை, 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களும் கண்டறிந்தனர். ஏனைய துகள்களைப் பாறை தடுத்துவிடும், இதனைத் தடுக்காது. இதைப் பாடிய நல்ல தமிழ்க் கவிதை ஒன்றும் நம் கண்ணில் பட்டதில்லை. பாடத் தக்க பொருள்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி நள்ளிரவில், புறநானூற்றை மடியில் வைத்துக்கொண்டு அத்திண்ணையில் அமர்ந்தோம். சிம்மத்தின் வாலில் உள்ள உத்தரம் ஏறக்குறைய நேர் உச்சியில் நின்றது. நம் ஊரும் பழைய சேர நாடும் இருக்கும் அகலக்கோட்டில்தான் அம்மீன் இவ்வாறு தலைக்கு மேலே வரும். வேட்டைக்காரன் உருவத்தின் தலையாகிய மிருகசீரிடம் சயனைடு மேட்டின் பின்னே இறங்கியது. சிறிது நேரத்தில் தென்கிழக்கில் தேளின் கொடுக்காகிய மூலம் தலை காட்டியது. அடிவானத்துப் புழுதியால் நிமிடக் கணக்கு நம்மால் கூற இயலவில்லை. ஆயினும் மூன்றும் பாட்டில் உள்ள முறையிலேயே அமைந்திருந்தன. உத்தரத்திலிருந்து முன்னோக்கி எண்ணினாலும் பின்னோக்கி எண்ணினாலும் மற்ற இரண்டும் எட்டாவதாக வரும் என்று பழைய உரைகாரர் விளக்குகிறார். அது ஏட்டுக் கணக்கு என்றே கல்லூரியில் எண்ணியிருந்தோம். அன்றிரவு, கழுத்து வலிக்க அண்ணாந்து கண்ட ஒருவரின் கூற்று என்று தெளிந்தோம்.

இங்கே புலவரின் திறம் ஒன்று விளங்குகிறது. ஒன்று சாய்கிறது, ஒன்று எழுகிறது, ஒன்று தாழ்கிறது. கிழக்கு முதல் மேற்கு வரை வானம் முழுவதையும் ஒரே பார்வையில் வளைத்து, யாவும் முறைப்படி நடப்பதை முதலில் நிறுவிவிடுகிறார். அதன் பிறகே முறையற்ற ஒன்றை விழச் செய்கிறார். மூன்று மீன்களின் பெயரும் இடமும் இல்லையேல் வீழ்ந்த மீன் நம்மை இவ்வளவு திடுக்கிடச் செய்யாது. அறிவு இங்கே அணியாகவில்லை, அச்சத்துக்கு அடித்தளமாகிறது.

மற்றொரு வானத்தோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. நெடுநல்வாடையில் நக்கீரர், பிரிந்திருக்கும் அரசியைக் கட்டிலில் கிடத்தி, மேலே கட்டிய துணியில் எழுதிய மதியையும் அதனை விட்டு நீங்காத உரோகிணியையும் காணச் செய்கிறார். உரோகிணிக்குக் கிடைத்தது தனக்கு இல்லையே என்று அவள் பெருமூச்சு விடுகிறாள். மிக நுட்பமான காட்சி. எனினும் அது கூரைக்குக் கீழே உள்ள வானம். அங்கே மீன் விழாது. பரிபாடலில் நல்லந்துவனார் வையைப் புதுவெள்ளத்தைப் பாடத் தொடங்குமுன் கோள்கள் நின்ற இடங்களை வரிசைப்படுத்துகிறார். அதைக்கொண்டு காலத்தைக் கணிக்க முயன்ற அறிஞர் பலர். ஒருவர் கண்ட ஆண்டு மற்றவருக்கு ஒவ்வவில்லை. நமக்கு அப்பகுதி பஞ்சாங்கத்தைச் செய்யுளாகக் கேட்பது போலத்தான் இருக்கிறது. வெள்ளம் வந்தபிறகே பாட்டு உயிர் பெறுகிறது. நல்லந்துவனாரிடம் பேரன்பு கொண்டோர் பொறுத்தருள்க.

பிற்காலத்தில் வாசலுக்கு வந்து நின்று பார்த்தவர் பாரதியார். 1910இல் ஹாலி வால்மீன் தோன்றியபோது புதுச்சேரியிலிருந்த அவர், ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்ற பாட்டை எழுதினார். சிறு மணியொன்றின் மேல் நெடுமரம் ஒன்று நிற்பதாக அவர் காட்டும் முதல் உவமை, கண்ணால் கண்டவருக்கன்றித் தோன்றாது. பின்னர் வாலின் நீளம், அது மெல்லிய வாயு என்னும் செய்தி, ஏழைகளுக்குத் தீங்கில்லை என்று அறிஞர் கூறுவது ஆகியவை வருகின்றன. பத்திரிகையாளர் பேசத் தொடங்கிவிடுகிறார். நம் நூல்களை நாமே மறந்து, அயலார் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்ததே என்னும் வருத்தத்தில் மீண்டும் கவிஞர் தலையெடுக்கிறார். அவ்வால்மீன் 1986இல் திரும்பி வந்தபோது, இரவு ஷிப்ட் முடித்து வந்த தந்தையார் நம்மை எழுப்பி வாசலில் நிறுத்தினார். நாம் கண்டது ஒரு பஞ்சுத் துணுக்கு. பாரதியாரின் உவமையைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஏமாற்றமும் உடன் வரும்.

பாரதியார் தம் பாட்டின் இறுதியில், வால்மீன் வரவால் நன்மை விளையும் என்கிறார்களே, அது பொய்யா மெய்யா என்று அதனையே வினவுகிறார். கூடலூர் கிழார் அவ்வாறு வினவவில்லை. மீன் விழுந்தது, அஞ்சினோம், ஏழாம் நாள் வந்தது என்கிறார். இடையில் ஆறு நாட்கள் உள்ளன. அந்த ஆறு நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதுவே அப்பாட்டின் உயிர் என்று நாம் கருதுகிறோம். நாள் குறித்துச் சொல்லியது பலித்தது என்பதை அன்று. அது பலிக்காதிருந்தாலும் பாட்டு குறைபடாது. விழும் மீன் என்பது மணற்பருக்கை அளவான துகள் காற்றில் எரிவது என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் நோயுற்றவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது அவ்வறிவு எவ்வளவு தூரம் துணை வரும்? ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் இம்மன்னன். ஐந்நூறு பாடல்களை ஒருங்கிருந்து ஆராய்ந்த நெருக்கம் அது. அத்தகையவர் தம்மைத் தனித்துக் காட்டாமல், தாமும் பிறரும் கண்டதாக, தாமும் பிறரும் அஞ்சியதாகவே கூறுகிறார். அந்தப் பிறர் யார், ஆறு நாளும் ஒருவரோடொருவர் என்ன பேசினர் என்பதை அவர் எழுதவில்லை.

எம் தந்தையார் முப்பதாண்டுகளுக்கு மேல் சுரங்கத்தில் இறங்கியவர். இறுதிக் காலத்தில் மூச்சிரைப்பு மிகுந்து படுக்க முடியாமல் போயிற்று. இரவெல்லாம் திண்ணையில் சாய்ந்திருப்பார். அலுவலகம் விட்டு வந்து உண்டபின் நாமும் உடன் அமர்வோம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவே கற்ற அவர், கார்த்திகைக் கூட்டம் நின்ற இடத்தைக் கொண்டு மணி சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு நாள் நள்ளிரவு கடந்த வேளையில், சயனைடு மேட்டின் மேல் பெரியதொரு மீன் எரிந்து விழுந்தது. தண்ணீர்ச் செம்புடன் வந்த தாயார், “பச்சை மரத்தைப் பாருங்க” என்றார். அந்த இருட்டில் அந்த மேட்டில் பச்சை மரத்துக்கு எங்கே போவது? தந்தையார் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று.

நாம் இளங்கலை பயின்றவர், இதனையெல்லாம் நம்புவதில்லை. ஆயினும் அன்று முதல் எண்ணினோம். அலுவலகத்தில் பதிவேட்டின் தேதியைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணினோம். தாயார் அந்த வாரம் முழுவதும் நள்ளிரவு தாண்டியும் உறங்கச் செல்லவில்லை; இடுப்பு வலி என்றார். ஒருவரிடம் ஒருவர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. எட்டாம் நாள் விடியலில், விடிவெள்ளி இன்னும் மறையாதிருக்க, தந்தையார் எங்கள் இருவரையும் பார்த்து, “ஏழு நாள் தாண்டிருச்சு, இனிமே போய்த் தூங்குங்க” என்றார்.

அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தார். ஓர் ஐப்பசி மழையில், வானம் மூடிக்கிடந்த இரவில் மறைந்தார்.