மணமகள் என்னும் சொல்லும் உடற்கூறும்

உயிர்க்கு ஆண் பெண் என்னும் பகுப்பு இன்றென்பதும், அப்பகுப்பு மாயையின் காரியமாகிய உடம்பின்கண்ணதே என்பதும் சித்தாந்தத் துணிபு. இதனை உடன்படுவோருள்ளும் பலர், உலகியல் வந்துழி, உடற்கூறே ஒருவரது நிலையையும் தொழிலையும் வரையறுக்கும் என்பர். இவ்விரண்டும் தம்முட் பொருந்துமா என்பதை ஆராய்தற்குரிய வழக்கொன்று கயத்தாறு அடங்கிய தூத்துக்குடி மாவட்டத்திலேயே எழுந்தது.

2018 அக்டோபர் 31ஆம் நாள் தூத்துக்குடி அருள்மிகு சங்கர ராமேசுவரர் திருக்கோயிலில் ஓர் ஆடவர்க்கும் ஒரு திருநங்கைக்கும் மணம் நிகழ்ந்தது. பதிவுத்துறையார் அதனைப் பதிய மறுத்தனர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்து 'மணமகள்' என்னுஞ் சொல் பெண்ணையே குறிக்கும் என்பது அரசுத் தரப்பு வாதம். தம் பாலைத் தாமே துணிதல் ஒவ்வொருவர்க்கும் உரியதென உச்ச நீதிமன்றம் 2014இல் வகுத்ததனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 2019 ஏப்ரல் 22ஆம் நாள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், அச்சொல் திருநங்கையையும் தழுவும் எனத் தீர்ப்பளித்தார். இருபாற்கூறும் விரவிப் பிறக்கும் குழவிகட்கு வலிந்து பால் வரையறுக்கும் அறுவை மருத்துவத்தை விலக்குமாறும் அத்தீர்ப்புப் பணித்தது. உடம்புதானும் எல்லார்க்கும் ஐயமறப் பால் உணர்த்துவதன்று என்பது இதனாற் பெறப்படும்.

சொற்பொருளைப் புதிதாக நெகிழ்த்தனர் என்று இதனைக் குறைகூறுவார் தமிழிலக்கணம் அறியார். ஆண்மை திரிந்தாரைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் உயர்திணைக்கண் வைத்து, அவர்க்கெனத் தனியீறு இன்மையின் ஏனைப் பாலீறுகளால் முடியும் என்றார். அவரோடு ஒருங்கெண்ணப்பட்டது தெய்வப் பெயர். பவணந்தியாரோ மேலும் ஒருபடி சென்று, பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் கொண்டார். ஈண்டுப் பாலைத் துணிவது அவாவேயன்றி உறுப்பன்று. எனினும் அந்நூற்பாவின் இறுதி அவ்விருவரையும் அஃறிணைபோற் சொல்லவும் இடந்தருகின்றது. சொன்முடிபு மாத்திரையே என்று உரைகாரர் வழியில் அமைதி கூறலாம். ஆயினும் மக்களை மக்களல்லாரோடு எண்ணும் வழக்கிற்கு அவ்வடி துணைபோயினமை மறைக்கற்பாலதன்று.

அற்றேல், கருவுயிர்த்தலும் பாலூட்டலும் பெண்ணுடம்பிற்கே அமைந்தனவாகலின் இல்லத்துத் தொழிலும் அவட்கே உரித்தாம் எனின், அன்று. கருவுயிர்த்தல் உடம்பின் தொழில். அட்டிலும் கணக்கும் கல்வியும் அறிவின் தொழில். முன்னதற்குரிய காரணத்தைப் பின்னதன்மேல் ஏற்றுதல் ஏதுப்போலியாம்.

அச்சமும் நாணும் மடனும் பெண்டிர்க்குரிய எனத் தொல்காப்பியர் விதித்திலரோ எனின், அந்நூற்பா நின்ற இடம் களவியல். காதல் மிக்கவழியும் தலைவி தன் வேட்கையை வெளிப்படையாக உரையாது ஒழுகுதற்குக் காரணங் கூறுவது அது. அகப்பொருட் செய்யுள் வரம்பை இடமும் இயலும் நோக்காது பெயர்த்தெடுத்துப் பெண்டிர் வாழ்க்கை முழுமைக்கும் சட்டமாக்கியது பிற்காலத்தார் செயல். ஒரு நூற்பாவைத் தன் இயலினின்றும் பிரித்துப் பொருள்கொள்ளுதல் மாணாக்கரும் செய்யாப் பிழை.

வீரத்திற்கு ஆண்மை என்றே பெயரிட்டது இம்மொழி. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பெற்ற கட்டபொம்மனைப் போற்றுவார் அச்சொல்லை வழங்குதல் இயல்பே. 1780இல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியாரைப் போற்றுவாரும் பிறிதொரு சொற் காணாது அதனையே வழங்குகின்றனர்.