போல்டு ஏறினால் போதுமா? வி-கிராஸுக்கு மாற்றுச் சக்கரங்கள்: ஒரு பரீட்சை

பிக்கப் வண்டி வாங்கியவர்களுக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிப் பார்க்கும் ஆசை வெகு சீக்கிரத்தில் உண்டாகிவிடுகிறது. திருவண்ணாமலையில் அந்த ஆசைக்கு அலங்காரம் ஒன்றே காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. செங்கம் பக்கத்து நிலங்களிலிருந்து மணிலா மூட்டைகளை ஏற்றி வருகிறவருக்கும், போளூர் வழியாக ஜவ்வாதுமலையேறி ஜமுனாமரத்தூருக்குப் போய் வருகிறவருக்கும், குட்டையான பக்கச்சுவருள்ள 18 அங்குலச் சக்கரத்தைவிட, கல்லையும் பள்ளத்தையும் சற்றே வளைந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும் 17 அங்குலச் சக்கரம் நியாயமாகவே உவப்பாயிருக்கிறது. ஆனால், கடைகளில் பொருத்தம் பார்க்கும் முறையோ பெரும்பாலும் ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது: போல்டு ஏறுகிறதா, இல்லையா? அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவது எவ்வளவு அபாயகரமானது என்பதை, நண்பர் ஒருவருடைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியில் இரண்டு விதச் சக்கரங்களை மாட்டிப் பார்த்த அநுபவத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் உற்பத்தியாகி 2016-ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் இவ்வண்டியில், நண்பர் வைத்திருக்கும் மாதிரிக்கு உரிய டயர் 255/60 ஆர்18. பரீட்சைக்கு வந்த முதல் ஜோடனை, டொயோட்டா பார்ச்சூனரிலிருந்து கழற்றி விற்கப்பட்ட 17 அங்குல அலாய் சக்கரமும் 265/65 ஆர்17 டயரும். இரண்டாவது, பார்வைக்கு மிகக் கம்பீரமான, 9 அங்குல அகலமுள்ள வெளிச்சந்தைச் சக்கரமும் 285/70 ஆர்17 டயரும்.

முதலாவதாகப் பார்க்க வேண்டியது போல்டு வட்டத்தின் விட்டம். மெக்கானிக்குகள் இதைப் பி.சி.டி. என்பார்கள். ஆறு போல்டுள்ள சக்கரத்தில் இதை அளப்பது மிக எளிது: ஒரு துளையின் உள்விளிம்பிலிருந்து நேர் எதிர்த்துளையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் அதுவே விட்டம். வி-கிராஸுக்கு அது 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். பார்ச்சூனருக்கும் ஹைலக்ஸுக்கும் போர்டு ரேஞ்சருக்கும் அதே அளவுதான். எல்லாத் தேசத்திலும் இவ்வளவு ஒற்றுமை கிடையாது. அமெரிக்காவின் கனரகப் பிக்கப்புகளில் போர்டு எப்-250, செவர்லே சில்வராடோ 2500, ராம் 2500 ஆகிய மூன்றுக்கும் எட்டெட்டு போல்டுகளே என்றாலும், வட்டத்தின் விட்டம் முறையே 170, 180, 165.1 மி.மீ. என்று வேறுபடுவதால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சக்கரங்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று உட்காருவதில்லை. நம்முடைய இரண்டு ஜோடனைகளும் இந்தப் பரீட்சையில் தேறின.

கடைக்காரர் நிறுத்திக்கொள்ளும் இடத்தில்தான் உண்மையான பரிசோதனை ஆரம்பமாகிறது. சக்கரத்தின் நடுத்துளை, வண்டியின் ஹப்பின் மேல் இறுகப் பொருந்தி உட்கார வேண்டும். டி-மேக்ஸின் ஹப் 100.1 மி.மீ.; பார்ச்சூனர் சக்கரத்தின் துளை 106.1 மி.மீ. ஆகவே சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியை ஹப் ரிங் என்னும் வளையத்தால் நிரப்பாமல் விட்டால், சக்கரம் மையம் தப்பி அமர்ந்து, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதற்கு ஹேதுவாகும். ரேஞ்சரின் சக்கரத்துக்கோ துளை 93.1 மி.மீ.தான்; ஆறு துளைகளும் ஒத்திருந்தும் அது ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. இதோடு, நட்டு உட்காரும் இடம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதையும் பார்த்து, சக்கரத்துக்கு ஏற்ற நட்டையே வாங்க வேண்டும். ஹப் ரிங்கும் உரிய நட்டும் போட்டபின் முதல் ஜோடனை நெடுஞ்சாலை வேகத்திலும் நடுக்கமின்றி ஓடிற்று.

மூன்றாவது விஷயம் ஆஃப்செட். சக்கரத்தின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே இது. சக்கரத்தின் உட்புறத்தில் ஈ.டி. என்ற எழுத்துகளோடு பொறித்திருக்கும். பழைய சக்கரம் ஏழரை அங்குல அகலமும் 33 ஆஃப்செட்டும் உடையது. பார்ச்சூனர் சக்கரம் அதே அகலத்தோடு 30 ஆஃப்செட். வித்தியாசம் வெறும் 3 மி.மீ. இரண்டாவது ஜோடனையோ 9 அங்குலமும் சுழி ஆஃப்செட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அதன் வெளிவிளிம்பு பழையதைக் காட்டிலும் 52 மி.மீ. புறத்தே நீள்கிறது, உட்பக்கத்தில் சுமார் 14 மி.மீ. விலகுகிறது. மட்கார்டுக்கு வெளியே டயர் துருத்திச் சேற்றை வாரியடிப்பதோடு, பேரிங்கின் மேல் விழும் நெம்பு பாரமும் கூடுகிறது.

நான்காவதாக, டயரின் மொத்த உயரம். பழைய டயருக்கு விட்டம் 763 மி.மீ., முதல் ஜோடனைக்கு 776, இரண்டாவதற்கு 831. முதலாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் சதவீதம்தான் கூடுதல். இரண்டாவதோ கிட்டத்தட்ட 9 சதவீதம். ஸ்பீடாமீட்டர் 100 என்று காட்டும்போது முன்போல் அல்லாமல் வண்டி 109 வரை போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழு லாக் வரை திருப்பி, வண்டியைக் காலியாகவும் மூட்டை ஏற்றியும் நகர்த்திப் பார்த்ததில், இரண்டாவது டயர் உள்பிளாஸ்டிக்கில் உரசிய ஓசை தெளிவாகக் கேட்டது. முதலாவது ஜவ்வாதுமலைப் பாதையின் வளைவுகளிலும் எங்கும் உரசவில்லை. டயர் போடுமுன் வெறும் ரிம்மை மட்டும் மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்தபோதும் பிரேக் காலிப்பரைத் தொடவில்லை. ஸ்டெப்னியும் அதே அளவில் இருப்பது அவசியம். நடு டிஃபரன்ஷியல் இல்லாத இவ்வண்டியில், வெவ்வேறு உயரமுள்ள டயர்களோடு தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் வீணாய்த் தேயும்.

கடைசிப் பிரமாணமும் தலையாயதும் சுமை. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதிகளில் பெரிய தேர் வருவதைக் கண்டு வளர்ந்த ஊரார், சக்கரத்தின் மதிப்பு அதன் சித்திர வேலையில் இல்லை, மேலே நிற்பதைத் தாங்குவதில்தான் என்பதை அறிவார்கள். பிக்கப்புக்கும் அதுவே நியாயம். முதல் ஜோடனையின் டயரில் 112 என்ற சுமைக் குறியீடு இருந்தது. அது ஒரு டயருக்கு 1,120 கிலோ. இரண்டாவது ஜோடனையின் ரிம்மிலோ அதிகபட்சச் சுமை 690 கிலோ என்று பொறித்திருந்தது. பின் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து 1,380 கிலோதான். சுமையேற்றிய பிக்கப்பின் பின் அச்சு அதைத் தாண்டுவது அரிதன்று. கார்களை உத்தேசித்துச் செய்த சக்கரத்தைச் சரக்கு வண்டியில் மாட்டுவதன் ஆபத்து இதில் அடங்கியிருக்கிறது.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்திற்று. ரிம்களுக்குத் தர முத்திரையை அவசியமாக்கும் மத்திய அரசின் ஆணை 2020-இல் பிறந்தது. முத்திரையில்லாத சரக்கை மலிவு என்று வாங்குவது லாபமாகாது.

என் அபிப்பிராயம் இதுதான்: ஹப் ரிங்கும் தக்க நட்டும் சேர்த்தால் பார்ச்சூனர் சக்கரம் வி-கிராஸுக்குப் பொருந்துகிறது, மண் பாதையிலும் மலைப் பாதையிலும் பழையதைவிடச் சுகமாகவே ஓடுகிறது. அகலச் சக்கரமோ போல்டு பரீட்சையில் மட்டும் தேறி, ஆஃப்செட், உயரம், சுமை மூன்றிலும் தோற்றுவிட்டது. அதை வாங்க வேண்டாம். வாங்கப் போகிறவர்கள் கடையில் பணம் கொடுக்குமுன் சக்கரத்தைக் குப்புறப் போட்டு, உட்புறத்து எழுத்துகளையெல்லாம் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியபின் நட்டுகளை எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்கி, 100 கிலோமீட்டர் ஓடுமுன் இன்னொரு முறை சோதித்துவிடுங்கள்.