சுமை இறங்காத சாட்சியம்: பாமாவின் ‘கருக்கு’, ‘சங்கதி’ நூல்களில் குடி, துயர், விசுவாசம்

ஆய்வுச்சுருக்கம்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள புதுப்பட்டியைச் சேர்ந்த பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) ஆகிய நூல்களைக் கிறித்தவச் சாட்சிய மரபின் பின்னணியில் இக்கட்டுரை வாசிக்கிறது. குடியிலிருந்தும் துயரிலிருந்தும் விசுவாசம் மனிதரை மீட்கும் என்னும் கதைவடிவம் இந்நூல்களில் எங்கே பொருந்துகிறது, எங்கே முறிகிறது என்பதே ஆய்வுச் சிக்கலாகும். ‘கருக்கு’ விசுவாசத்தை இழந்தவரின் நூல் என்னும் பரவலான வாசிப்பு மறுபரிசீலனைக்கு உட்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தலித் கிறித்தவம், சாட்சியம், பாவசங்கீர்த்தனம், குடி, கல்லறை, பாமா, ராஜ் கௌதமன்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ எழுத்தில் ‘சாட்சி’ என்பது ஒரு தனி வகைமை. முதுகில் சுமையோடு ஒருவன் புறப்படுகிறான். வழியில் தன் பாவத்தை உணர்கிறான். சிலுவையடியில் சுமை கழன்று விழுகிறது. ஆங்கிலத்தில் ஜான் பனியன் எழுதிய கதையைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ இவ்வடிவத்துக்குத் தமிழில் காப்பியத் தகுதியை அளித்தது. இன்று சபைக் கூட்டங்களில், “நான் குடிகாரனாயிருந்தேன்” என்று தொடங்கும் எளிய சாட்சியும் அதே அச்சில் வார்க்கப்பட்டதே. சமயச் சார்பற்றதாகத் தோன்றும் குடிநோய் மீட்பு முறைகளிலும் அந்த அச்சைக் காணலாம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் முன்னோடிகள், ஆக்ஸ்போர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்திலிருந்தே தம் குறைகளை அறிக்கையிடும் வழக்கத்தைப் பெற்றனர்.

இவ்வடிவம் இரு முன்முடிவுகளைக் கொண்டது. சுமப்பவனே சுமைக்குப் பொறுப்பாளி என்பது ஒன்று. மீட்கப்படுபவனே கதைசொல்லி என்பது மற்றொன்று. துயரைப் பிறர் சுமத்தியிருந்தால், குடிப்பவன் ஒருவனாகவும் அழுபவள் வேறொருத்தியாகவும் இருந்தால், இக்கதைவடிவம் என்ன ஆகும்? இவ்வினாவுக்குப் பாமாவின் முதலிரு நூல்கள் அளவுக்கு நேரடியாக விடை தரும் தமிழ்ப் பனுவல்கள் மிகச் சில.

நிலமும் சபைகளும்

இப்பகுதியின் கிறித்தவம் ஒரே வார்ப்பில் அமைந்ததன்று. சிவகாசி வட்டாரத்தில் 1850களில் சீர்திருத்தச் சபையினரின் வட திருநெல்வேலிப் பயண ஊழியம் தொடங்கியது. அதை முன்னெடுத்த தாமஸ் ராக்லாந்து 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். (கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றதும் அதே ஆண்டில்தான்.) மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புதுப்பட்டியோ கத்தோலிக்க ஊர். பூசை, புது நன்மை, பாவசங்கீர்த்தனம், தபசுக்காலம் எனக் கோயிலின் நாட்காட்டியே அங்குக் குழந்தைகளின் நாட்காட்டியாக இருந்தது. மானாவாரி விவசாயம் பொய்த்த ஆண்டுகளில் வயிற்றுப்பாட்டுக்குக் கைகொடுத்தது சிவகாசியின் தீப்பெட்டித் தொழில். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று கற்றுவந்த அத்தொழிலே பின்னர்ப் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் வழிவிட்டது. ‘சங்கதி’யில் வரும் மைக்கண்ணி பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். தகப்பன் வேறொருத்தியோடு போய்விட்ட வீட்டில் அவள் கூலியே உலைக்கு அரிசி. மருந்து நெடியில் முடங்கும் அச்சிறுமியின் பாடு பாமாவின் பக்கங்களில் இரக்கத்தைக் கோராமல், எள்ளலும் பேச்சுமாக வருகிறது.

குடிப்பவன் பேசாத கதை

‘சங்கதி’ நாவலா, வாய்மொழி வரலாறா, கட்டுரையா என்று வகைப்படுத்த முயன்றோர் பலர். அவ்விவாதம் இங்கு வேண்டுவதில்லை. நூலில் யார் பேசுகிறார்கள் என்பதே கவனத்திற்குரியது. பாட்டி வெள்ளையம்மா பேசுகிறாள், அம்மா பேசுகிறாள், ஊர்ப் பெண்கள் பேசுகிறார்கள், கேட்டுக்கொண்டிருந்த சிறுமி வளர்ந்து கேள்வி கேட்கிறாள். குடித்துவிட்டு வந்து அடிப்பவன் மட்டும் தன் கதையைச் சொல்வதே இல்லை. எனவே அவன் மனம் திரும்பும் கட்டமும் நூலில் இல்லை.

இதைப் பாமாவின் ஒருதலைச் சார்பு என்று கொள்வது மேலோட்டமான வாசிப்பு. ஆண்களின் வன்முறைக்கு நூலே ஒரு விளக்கம் தருகிறது. நிலவுடைமைச் சாதியினரிடம் வயலில் குனிந்து நிற்பவன், அங்கே காட்டமுடியாத அதிகாரத்தை வீட்டில் மனைவியிடம் காட்டுகிறான். கதைசொல்லி இதைப் புரிந்துகொள்கிறாள். ஆயினும் மன்னிப்பாக மாற்ற மறுக்கிறாள். கூலியில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. ஆண் தன் கூலியைத் தன் விருப்பம்போல் செலவழிக்கலாம்; பெண்ணின் கூலி முழுதும் அடுப்புக்கே போகவேண்டும். இக்கணக்கில் குடி என்பது ஒருவனின் ஆன்மிகக் குறைபாடாக மட்டும் சுருங்குவதில்லை. அது வீட்டின் பொருளாதாரமும் ஆகிறது. அரசின் பொருளாதாரமும் அதில் உண்டு. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1971இல் விலக்கிக்கொள்ளப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. தனிமனிதனின் மனந்திரும்புதலை மட்டும் வேண்டும் சாட்சி வடிவத்திற்குள் இவ்வரலாறு அடங்காது.

மதம் இங்கு என்ன செய்தது? ‘சங்கதி’யின் மிகக் கடுமையான பகுதி இதற்கான விடையில் உள்ளது. கிறித்தவரல்லாத பிற தலித் சாதிகளில் கணவனோடு வாழ இயலாத பெண் விலகி மறுமணம் செய்துகொள்ள வழியிருக்கிறது. பேச்சியம்மா அப்படிச் செய்கிறாள். கோயிலில் தாலி கட்டிக்கொண்ட கத்தோலிக்கப் பெண்ணுக்கோ அவ்வழி அடைபட்டுவிட்டது. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கலாகாது என்னும் போதனை, அடிபடும் பெண்ணின் செவியில் வேறொரு பொருளைத் தருகிறது. குடிக்கு மருந்தாகக் கருதப்படும் விசுவாசம், குடிகாரனின் மனைவிக்குக் கதவைத் தாழிட்டு வைக்கிறது என்னும் இம்முரணைத் தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு இன்னும் போதிய அளவு எடுத்துப் பேசவில்லை என்பது என் கருத்து.

ராக்கம்மா கோயிலுக்கு ஓடுவதில்லை. தெருவில் நின்று, வாயில் வந்த வசையெல்லாம் வீசி, கூச்சத்தை உதறிக் கணவனின் கையைத் தடுக்கிறாள். ஊர் அவளை வெட்கங்கெட்டவள் என்கிறது; கதைசொல்லியோ அந்த வெட்கக்கேடே அவள் உயிரைக் காத்தது என்கிறாள். வேண்டுதலும் கண்ணீரும் பெண்ணுக்குரிய நல்லொழுக்கமாகப் போற்றப்படும் சமயச் சூழலில், வசையை ஒரு மீட்புச் செயலாக முன்வைப்பது சிறிய காரியமன்று.

பாவக் கணக்கு

‘கருக்கு’க்கு வருவோம். சிறுவயதுச் சமயக் கல்வியின் அடிப்படை உணர்வு அச்சமே. பேய் பாவங்களையெல்லாம் குறித்துவைக்கும் என்று சொல்லித் தரப்படுகிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் குழந்தை பாவப் பட்டியலைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இப்பகுதிகளைப் பாமா நகைச்சுவையோடு எழுதியிருப்பதால், வாசகர் சிரித்துக் கடந்துவிடுவதுண்டு. ஆனால் நூலின் தருக்கம் இங்கேதான் வேர்கொள்கிறது. வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் சரட்டைப் பிடித்துத் தூக்கிச் சென்று நாயக்கரிடம் கொடுக்கும் பெரியவரைப் பார்த்துச் சிரித்த சிறுமி, அண்ணன் விளக்கிய பிறகே அதன் பொருளை அறிகிறாள். அந்த அவமானத்தைச் சொல்லியழப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இடமில்லை. நான் செய்த தீங்கைச் சொல்ல அங்கு மொழி உண்டு. எனக்குச் செய்யப்பட்ட தீங்கைச் சொல்ல மொழியில்லை.

பாவமும் துயரும் வேறு வேறு என்பதை ‘கருக்கு’ இவ்வாறு எந்த இறையியல் சொல்லும் இன்றிக் காட்டிவிடுகிறது. ஏறத்தாழ இதே காலத்தில் தலித் இறையியல் உருவாகி வந்தது. 1980களில் அதன் முன்னோடியான ஏ. பி. நிர்மல், தலித்துகளின் வலியே இறையியல் அறிவின் தொடக்கம் என வாதிட்டார். ‘கருக்கு’ அக்கருத்துக்கு எடுத்துக்காட்டாக எழுதப்பட்டதன்று. அதனினும் முரடானது, அதனினும் ஐயம் நிறைந்தது. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தன என்று மட்டும் கூறலாம்.

ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டாற்றும் நோக்கோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், வசதி படைத்தோரின் பள்ளியில் தம்மைக் காண்கிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தோரின் வாழ்வில் ஏழ்மையில்லை. தம் சாதியைப் பற்றி அறியாமல் தம் காதுபடப் பேசப்படும் இழிசொற்களைக் கேட்டு வாயடைத்திருக்க நேர்கிறது. ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறுகிறார்.

சேலை உடுத்திய தந்தை

இவ்விரு நூல்களிலும் துயரின் உச்சம் எது என்று கேட்டால், ‘கருக்கு’வின் கலவரப் பகுதியைச் சுட்டுவேன். சாலியருக்கும் பறையருக்கும் இடையிலான மோதல் கல்லறை நிலம் குறித்து எழுகிறது. போலீசார் ஊருக்குள் புகுந்து அடிக்க, ஆண்கள் காட்டிலும் மலையடிவாரத்திலும் ஒளிகின்றனர். அந்நாட்களில் ஒரு சிறுவன் இறந்துபோகிறான். ஒளிந்திருக்கும் தந்தைக்குச் சேலை உடுத்தி, பெண்களோடு பெண்ணாக அழைத்து வந்து, மகன் முகத்தைக் காட்டுகிறார்கள். அடக்கம் செய்யும் வேலையும் பெண்கள் தலையில் விழுகிறது.

இதைவிடச் செறிவான இரங்கற் காட்சியைத் தற்காலத் தமிழ் உரைநடையில் காண்பது அரிது. புதைக்கும் இடத்துக்காக எழுந்த சண்டையின் நடுவே ஒரு புதைத்தல். ஒப்பாரியில் கலந்து அழும் உரிமை ஆணுக்கு மறுக்கப்படும் பண்பாட்டில், ஓர் ஆண் பெண்ணுடை தரித்தே அழமுடிகிறது. பாமா இங்கு உவமை தேடவில்லை, உருகவும் இல்லை. தெருப்பேச்சின் வேகத்தில் சொல்லிவிட்டு நகர்கிறார். மறுமை பற்றிய ஆறுதல் மொழி ஒன்றையும் சேர்க்கவில்லை. துயராற்றுதல் இங்கு நடக்கிறது. ஆனால் அதைச் செய்பவை அண்டைவீட்டுப் பெண்களின் கைகள்.

இருபுறமும் கருக்கு

‘கருக்கு’ கிறித்தவத்தைக் கைவிட்டவரின் நூல் என்னும் வாசிப்பு பரவலானது. நூலின் தலைப்பே அதை மறுக்கிறது. பனைமட்டையின் இருபுறமும் அரம்போல் இருக்கும் கருக்கை, எபிரேயர் திருமுகம் இறைவார்த்தைக்குக் கூறும் இருபுறமும் கூர்மையான வாளோடு பாமா முன்னுரையில் இணைக்கிறார். சபையை வெட்டும் கருவியைச் சபையின் நூலிலிருந்தே எடுக்கிறார். அடக்கமும் பணிவும் கற்பித்தவர்கள், இயேசுவின் நீதியையும் சினத்தையும் மறைத்துவிட்டனர் என்பதே அவரது குற்றச்சாட்டு. கடவுளை நம்பாதவர் இக்குற்றச்சாட்டை வைக்கமுடியாது.

வெளியீட்டு வரலாறும் இவ்வாசிப்புக்குத் துணைசெய்கிறது. எழுதத் தூண்டியவர்களுள் ஒருவர் இயேசு சபைத் துறவியும் எழுத்தாளருமான மாற்கு. முதற்பதிப்பை வெளியிட்டது மதுரையில் இயேசு சபையினர் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம். சபையை இவ்வளவு கடுமையாகச் சாடும் தன்வரலாறு சபைக்குள் இருந்த ஒரு சாளரத்தின் வழியாகவே வெளியே வந்தது.

இதற்குக் குறையும் உண்டு. பாமாவின் இயேசு சற்று எளிதாகத் தூயவராகிவிடுகிறார். நிறுவனத்தின் மீது ஐயங்கொள்ளும் கூர்மை, விவிலிய வாசிப்பின்போது மழுங்குகிறது. பெண்களுக்குப் பேய் பிடிப்பதை ‘சங்கதி’யில் உழைப்பின் களைப்போடும் மனச்சுமையோடும் இணைத்து அருமையாக ஆராய்பவர், அதே ஆய்வுக்கண்ணைத் தம் நம்பிக்கையின் மீது திருப்புவதில்லை.

அந்தக் கண்ணை அவர் அண்ணன் ராஜ் கௌதமனிடம் காணலாம். அதே புதுப்பட்டி, அதே கோயில், அதே பூசை. 2002இல் வெளிவந்த ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் விசுவாசம் பெரும்பாலும் நகைப்புக்கு உள்ளாகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. எனவே சிலுவைராஜுக்கு மதம் என்பது இறுதியில் சான்றிதழில் நிரப்பவேண்டிய ஒரு கட்டம். வேலைக்காக அவன் இந்துவாகிறான். யாத்திரிக வடிவம் இங்குத் தலைகீழாகக் கவிழ்கிறது: மனமாற்றம் நிகழ்கிறது, மனம் மாறுவதில்லை. தங்கை சினந்து கேட்டதை அண்ணன் சிரித்துத் தள்ளிவிட்டார் என்று கூறலாம். ஆனால் சிலுவைராஜின் சிரிப்பில் எவரும் எவருடைய பிணத்தையும் தூக்கிச் செல்வதில்லை. அவன் தனியன். ‘கருக்கு’வில் தனிமை முறியும் கட்டங்கள் உண்டு, ‘நான்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் அங்கெல்லாம் ‘நாங்க’ என்று முடிகின்றன.

மடத்தைவிட்டு வெளியேறியவரின் நிலையை நூல் மறைக்காமல் சொல்கிறது. வேலையில்லை, தங்க இடமில்லை; ஊர்ப் பேச்சுக்கு அஞ்சவேண்டியிருக்கிறது. சிறகு முறிந்த பறவையாகத் தம்மைக் காண்கிறார். யாத்திரிகன் சுமையை இறக்கிய பின்னரே நகரை நோக்கி நடந்தான். பாமா சுமையோடு ஊருக்குத் திரும்பி, அதைக் கரிசல் தெருப் பேச்சில் எழுதத் தொடங்கினார். சமயக் கல்வியில் அவர் கற்ற தூய தமிழ் அதற்குப் பயன்படவில்லை.