ஃபியூஸைப் பிடுங்க ஆள் வரவேண்டியதில்லை

பிரிட்டனில் ஒரு நல்ல விதி இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, தனியாகவோ, பிற முதியவர்களோடும் சிறுவர்களோடும் மட்டுமோ வாழும் ஓய்வூதிய வயதினரின் வீட்டில், பில் பாக்கிக்காக மின்சாரத்தையோ எரிவாயுவையோ துண்டிக்கக் கூடாது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் தரும் உரிமத்திலேயே உள்ள நிபந்தனை இது. பரவாயில்லையே என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 'துண்டித்தல்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பாருங்க.

துண்டிப்பு என்றால் கம்பெனி செய்வது. நம்மூர் பாஷையில், ஆள் வந்து ஃபியூஸைப் பிடுங்குவது. அதற்குப் பதிலாக ஒரு பிரீபெய்டு மீட்டரை மாட்டிவிட்டால்? செல்போன் மாதிரி முன்கூட்டியே காசு போடணும். காசும் தீர்ந்து, அவசரத்துக்குக் கடனாகத் தரும் சில பவுண்டும் தீர்ந்தால் மீட்டர் தானே நிறுத்திவிடும். இதற்கு அங்கே 'சுயதுண்டிப்பு' என்று பெயர். குளிரில் உட்கார்ந்திருப்பவர் தனக்குத்தானே செய்துகொண்டதாம்!

போடுகிற காசும் முழுசாக ஹீட்டருக்குப் போவதில்லை. பழைய பாக்கிக்கு ஒரு பங்கு போகும். தினசரி நிலைக்கட்டணம் வேறு, மீட்டர் நின்றுபோன நாட்களுக்கும் சேர்த்து ஏறிக்கொண்டிருக்கும்.

2023 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கேஸுக்காக வேலை செய்த ஆட்கள் நீதிமன்ற வாரண்டோடு வீடு புகுந்து மீட்டர் மாட்டுவதை 'தி டைம்ஸ்' நாளிதழ் அம்பலப்படுத்தியது. கட்டாயப் பொருத்தல் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய விதிகள் வந்தன: துணையில்லாத 75 வயதைக் கடந்தவர்கள், 2 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள் போன்றவற்றில் கட்டாயமாக மாட்டக் கூடாது. முன்னேற்றம்தான். ஆனால் குழந்தைக்கு 3 வயது என்றால், நிலைமையை ஆராய்ந்து முடிவெடுப்பது கம்பெனியே. ஏற்கெனவே இந்த மீட்டரோடு வாழும் லட்சக்கணக்கான வீடுகளுக்கோ, காசு தீர்ந்தால் இருட்டுதான்.

பிரான்ஸில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை துண்டிப்புக்கே தடை. ஆனால் அங்கும், அரசின் எரிசக்திக் காசோலை பெறாத வீடுகளுக்கு மின்திறனைக் குறைக்கலாம். விளக்கு எரியும், வீட்டைச் சூடாக்க முடியாது.

"சும்மா கொடுத்தால் அந்தச் சுமை ஒழுங்காகக் கட்டுபவர்கள் தலையில்தானே விழும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் யாரும் இலவசம் கேட்கவில்லை. இதே மீட்டர்களில் ஒரு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு: இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் காசு தீர்ந்தாலும் இணைப்பு நிற்காது, செலவானது கணக்கில் ஏறும், அடுத்து காசு போடும்போது கழியும். கடைக்குப் போய்க் காசு போட முடியாத நேரம் என்பதால் இந்தச் சலுகை.

கடை பூட்டியிருப்பதை உணரும் மீட்டரால் ஜனவரி குளிரை உணர முடியாதா? அதே ஏற்பாட்டைக் குளிர்காலம் முழுவதற்கும் நீட்டுங்க, பாக்கியைக் கோடையில் தவணையாக வாங்கிக்கோங்க. கூடவே, இத்தனை வீடுகள் இத்தனை நாள் இருட்டில் இருந்தன என்று கம்பெனிவாரியாக வெளியிடவும் சொல்லணும். அதுவரை 'துண்டிப்பு குறைந்துவிட்டது' என்று காட்டும் கணக்கை நான் நம்பத் தயாராக இல்லை.